வீட்டுக் கரண்டில் எல்இடி: எரிவது வேறு, தொடத் தகுவது வேறு

சாமி படத்துக்கு மாட்டுகிற எல்இடி மாலை, ப்ளக்கோடு ஒட்டிய நைட் லாம்ப், சார்ஜ் ஏற்றும் கொசு பேட், மலிவு விலை எல்இடி பல்பு. எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே சர்க்யூட்தான் இருக்கும்: ஒரு கண்டென்சர், நான்கு டயோடு, ஒன்றிரண்டு ரெசிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கணக்குப் போட்டுச் சரியாகச் செய்தால் இதில் எல்இடி வருஷக்கணக்கில் எரியும். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் அந்த எல்இடியின் காலைத் தொட்டால், சுவரில் இருக்கும் ஃபேஸ் வயரைத் தொட்டதற்குச் சமம்.

எல்இடியை 230 வோல்ட்டில் எரிப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்இடிக்குள் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்பது ஒன்று. நம் கைக்கும் ஃபேஸுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தாலே விளக்கு எரிந்துவிடும். யூடியூபில் வரும் செய்முறைகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடுகின்றன. இரண்டாவது கேள்விக்கான விடையை விளக்கு எரிவதை வைத்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

முதலில் கரண்ட்

வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். சாதாரண 5 மி.மீ. எல்இடி தாங்குவது 20 மில்லி ஆம்பியர். வோல்ட்டேஜ் கால் வோல்ட் கூடினாலே கரண்ட் இரண்டு மடங்காகிவிடலாம். சூடு ஏற ஏற எல்இடி கேட்கும் வோல்ட்டேஜ் குறையும், அதனால் கரண்ட் இன்னும் ஏறும். எனவே எல்இடிக்கு வோல்ட்டேஜைப் பார்த்துக் கொடுப்பதைவிடக் கரண்ட்டைக் கட்டுப்படுத்திக் கொடுப்பதுதான் சரி. இன்னொன்று: எல்இடியில் மாற்றுத் திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் போனால் பழுதாகும் வாய்ப்பு உண்டு. டயோடு இல்லாமல் ஏசியில் நேராகப் போடக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஏசி அலையின் ஒருவகைச் சராசரி. அலையின் உச்சம் 325 வோல்ட். இரவில் ஊரடங்கிய பிறகு லைன் 260 வோல்ட்டுக்கு ஏறும் இடங்கள் உண்டு, அங்கே உச்சம் 368. கணக்கெல்லாம் உச்சத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

வெள்ளை எல்இடி 20 எடுத்துத் தொடராக இணைத்தால் சுமார் 62 வோல்ட் வேண்டும். மீதி வோல்ட்டேஜை ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம்தான். ஆனால் எல்இடிக்கு 1 வாட் போகும்போது ரெசிஸ்டரில் 3 வாட்டுக்கு மேல் சூடாகவே வீணாகும். ஒற்றை இண்டிகேட்டர் எல்இடிக்கு மட்டும் ரெசிஸ்டர் வழி நல்லது: 47 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, எல்இடிக்குக் குறுக்கே, அதாவது அதன் இரு காலுக்கும் இணையாக, தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு வைத்தால் போதும். சராசரி 1 மில்லி ஆம்பியர்தான் வரும். இப்போதைய எல்இடிகளுக்கு அந்த வெளிச்சம் தாராளம். ஒரே ரெசிஸ்டராகப் போடாமல் இரண்டாகப் பிரிப்பது வாட்டுக்காக மட்டுமல்ல. கால் வாட், அரை வாட் ரெசிஸ்டர்கள் பொதுவாக 250 முதல் 350 வோல்ட் வரைதான் தாங்கும். 325 வோல்ட் உச்சத்தை ஒன்றின் தலையில் கட்டினால் அது சில மாதங்களில் உள்ளே அறுந்துபோகலாம்.

இருபது எல்இடிக்குக் கண்டென்சர்தான் வழி. ஏசியில் கண்டென்சர் கரண்ட்டைத் தடுக்கும், ஆனால் சூடாகாது. 50 ஹெர்ட்ஸில் 0.33 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரின் தடை சுமார் 9,650 ஓம். ஏசியை ஒரே திசைக் கரண்ட்டாக மாற்றும் நான்கு டயோடு பிரிட்ஜை வைத்த பிறகு எல்இடிக்குப் போகும் சராசரி கரண்ட்டுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: நான்கு, அதிர்வெண், கண்டென்சர் மதிப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி, அதை உச்ச வோல்ட்டேஜிலிருந்து எல்இடி வோல்ட்டேஜைக் கழித்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 0.33 மைக்ரோ ஃபாரடுக்கு 325லிருந்து 62 கழித்து 263. விடை 17.4 மில்லி ஆம்பியர். லைன் 260 வோல்ட்டுக்கு ஏறினால் 20.2. கடைசி வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது, தாண்டி ஓடவில்லை. பலரும் கையில் கிடைத்த 0.47ஐப் போடுவார்கள். அதில் சாதாரண நாளிலேயே கிட்டத்தட்ட 25 மில்லி ஆம்பியர் வரும். எல்இடி பளிச்சென்று எரியும், ஓரிரு மாதத்தில் நீலம் பாய்ந்து மங்கிவிடும்.

இருபதுக்குப் பதில் ஒரே ஒரு எல்இடியை மாட்டினாலும் இதே சர்க்யூட்டில் 21 மில்லி ஆம்பியர்தான் வரும். எல்இடி எண்ணிக்கை மாறினாலும் கரண்ட் பெரிதாக மாறாது என்பதுதான் இந்தச் சர்க்யூட்டின் அருமை. ரெசிஸ்டர் மட்டும் வைத்த 230 வோல்ட் சீரியல் செட்டுக்கு இது பொருந்தாது. நீளம் அதிகம் என்று அதில் கால்வாசியை வெட்டி எடுத்தால், மிச்சமுள்ள எல்இடிகளின் தலையில் வெட்டிய பகுதியின் வோல்ட்டேஜும் வந்து விழும். பண்டிகை நாளில் வரிசையாகப் பொசுங்கும் செட்டுகளுக்குப் பின்னால் பல சமயம் ஒரு வெட்டுக் கத்திரிதான் இருக்கிறது.

எந்தப் பாகம் எதற்கு

கண்டென்சர் விஷயத்தில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. கடையில் 334ஜே (0.33 மைக்ரோ ஃபாரடுக்கான குறி), 400 வோல்ட் என்று எழுதிய சிவப்போ பழுப்போ நிறக் கண்டென்சரைத் தருவார்கள். அந்த 400 வோல்ட் டிசிக்கான மதிப்பு. லைனில் குறுக்கே போட அது செய்யப்பட்டதல்ல. இடி மின்னலோ, பக்கத்து வீட்டு மோட்டார் நிற்கும்போது வரும் ஸ்பைக்கோ (திடீர் வோல்ட்டேஜ் பாய்ச்சல்) அதைத் துளைத்தால் ஷார்ட் ஆகும், அடுத்த நொடி முழு 230 வோல்ட்டும் எல்இடி மேல் இறங்கும். கேட்டு வாங்க வேண்டியது எக்ஸ்2 வகை. சதுரமான டப்பி, பெரும்பாலும் மஞ்சள் நிறம், மேலே எக்ஸ்2 என்றும் 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்டிருக்கும். 2,500 வோல்ட் ஸ்பைக் கொடுத்துச் சோதிக்கும் வகை அது. உள்ளே எங்காவது துளை விழுந்தாலும் அந்த இடத்து உலோகப் பூச்சு மட்டும் ஆவியாகி ஷார்ட் ஆகாமல் தப்பிக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு துளைக்கும் மதிப்பு கொஞ்சம் குறையும். சில வருஷம் ஓடிய விளக்கு காரணமில்லாமல் மங்கினால் எல்இடியைச் சந்தேகிக்கும் முன் கண்டென்சரை மீட்டரில் வைத்துப் பாருங்கள். 0.33 இருக்க வேண்டிய இடத்தில் 0.2 காட்டுவது சகஜம்.

கண்டென்சருக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, தொடராக. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். ப்ளக்கின் பித்தளைக் காலைத் தொட்டவுடன் சுரீரென்று இழுப்பது இதனால்தான். இந்த இரண்டு ரெசிஸ்டரும் ஒரு நொடிக்குள் அதை வடித்துவிடும். விலை மிகக் குறைந்த பாகம் என்றாலும் மலிவு சாமான்களில் முதலில் காணாமல் போவது இதுதான்.

லைன் உள்ளே வரும் வாசலில் 220 ஓம், 1 வாட் ஃபியூசிபிள் ரெசிஸ்டர். ஸ்விட்ச் போடும் கணத்தில் அலை உச்சத்தில் இருந்தால், காலியான கண்டென்சர் ஒரு நொடிப் பொழுதுக்கு வெறும் கம்பி மாதிரிதான். இந்த ரெசிஸ்டர் இருந்தால் அந்தப் பாய்ச்சல் ஒன்றரை ஆம்பியரோடு நிற்கும். ஓடும்போது அதில் 0.13 வாட்தான் சூடு. அப்புறம் ஏன் 1 வாட் என்றால் அந்த முதல் பாய்ச்சலைத் தாங்கத்தான். சாதாரண கார்பன் ரெசிஸ்டர் போட்டால் பழுதான நேரத்தில் தீப்பிடித்து எரியும். ஃபியூசிபிள் வகை எரியாமல் அறுந்து ஒதுங்கும்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் ஓடும் பழைய இன்வெர்ட்டர்களில் பல, சைன் அலை தருவதில்லை. சதுர அலைதான். சதுர அலையில் வோல்ட்டேஜ் மெதுவாக ஏறி இறங்காமல் ஒரே தாவாகத் தாவும், ஒவ்வொரு தாவலிலும் கண்டென்சர் முழு வேகத்தில் கரண்ட்டை இழுக்கும். லைனில் 0.13 வாட் சூடான அதே 220 ஓம் ரெசிஸ்டரில் சதுர அலையில் ஏறத்தாழ 2 வாட் இறங்கும். 20 மில்லி ஆம்பியர் எல்இடி வழியே ஒன்றரை ஆம்பியர் ஊசிப் பாய்ச்சல் நொடிக்கு நூறு தடவை போகும். இன்வெர்ட்டர் லைனில் மாட்டிய நைட் லாம்ப் மட்டும் அடிக்கடி போகிறது என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்டென்சர் வகை விளக்கைச் சதுர அலை இன்வெர்ட்டரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

பிரிட்ஜுக்கு நான்கு 1என்4007. அதற்குப் பின்னால் 10 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வைத்தால் நொடிக்கு நூறு முறை வரும் மினுமினுப்பு ஓரளவு குறையும். ஆனால் அதைத் தனியாக வைக்கக் கூடாது. தொடரில் ஒரு எல்இடி உள்ளே அறுந்துபோனாலோ சால்டர் விட்டுப்போனாலோ கரண்ட்டுக்குப் போக வழியிருக்காது. எலக்ட்ரோலைட்டிக்கில் வோல்ட்டேஜ் 325 வரை ஏறும், 100 வோல்ட் டப்பி வெடிக்கும். நானூறு வோல்ட் கண்டென்சர் போட்டுத் தப்பிக்கலாமே என்றால், விட்டுப்போன சால்டர் மறுபடி ஒட்டும் கணத்தில் அந்த 325 வோல்ட்டும் மொத்தமாக எல்இடிகளுக்குள் பாய்ந்து இருபதையும் ஒரே அடியில் கொல்லும். சரியான வழி, 24 வோல்ட் 1 வாட் ஜீனர் (குறித்த வோல்ட்டேஜைத் தாண்டவிடாத டயோடு) மூன்றைத் தொடராக வைத்து எலக்ட்ரோலைட்டிக்குக் குறுக்கே போடுவது. வோல்ட்டேஜ் 72ஐத் தாண்டாது. எல்இடி இல்லாத நேரத்தில் ஒவ்வொரு ஜீனரிலும் அரை வாட் போகும், தாங்கும்.

இப்போது கை

மேலே சொன்ன அத்தனையையும் பிசகாமல் செய்தாலும் இந்த விளக்கு தொடத் தகுந்ததல்ல. பிரிட்ஜின் ஒரு கால் கண்டென்சர் வழியாக வருகிறது, மறு கால் லைனோடு நேராக இருக்கிறது. இரண்டு முள் ப்ளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும், ஆகவே அந்த நேர்க் கால் ஃபேஸாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது எல்இடி வயரைத் தொட்டபடி வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவருக்கு நடுவில் எந்தத் தடையும் இல்லை. கண்டென்சர் பக்கம்தானே ஃபேஸ் இருக்கிறது, 24 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதே என்றும் ஆறுதல் அடைய முடியாது. பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை விடாமல் இறுகிக்கொள்ளலாம்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருப்பது மிக நல்லது, இல்லாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் அது அறுக்கும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான். அது அசையாது.

ஆகவே கண்டென்சர் வகைச் சர்க்யூட்டுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு: திருகாணி கூட வெளியே தெரியாத, கருவி இல்லாமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டுக்குள். எல்இடி உட்பட அத்தனையும் உள்ளே. வெறும் எல்இடி மாலையாக வெளியே தொங்குகிற எதையும் இதில் ஓட்டக் கூடாது. பித்தளைக் குத்துவிளக்கு வடிவ மின்விளக்கில், உலோக ஃபிரேமில், மீன் தொட்டியில் இதை வைப்பது உயிரோடு விளையாட்டு. கொசு பேட்டைச் சார்ஜில் போட்டபடியே பயன்படுத்தாதீர்கள். பல மாடல்களில் அதன் பேட்டரி 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கிறது.

கை படுகிற இடத்துக்கு வேண்டியது ஐசோலேட்டட் டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தித் தரும் பெட்டி) அல்லது அடாப்டர். அதில் லைன் பக்கமும் எல்இடி பக்கமும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வழியாக மட்டுமே சேர்கின்றன, கம்பித் தொடர்பு இல்லை. சிக்கல் என்னவென்றால் ஐசோலேட்டட் டிரைவரும் அப்படியல்லாததும் கடையில் ஒரே வெள்ளை டப்பியில், ஒரே ஸ்டிக்கரோடு வருகின்றன. பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. டிரைவரை எதிலும் மாட்டாமல் வெறுமனே வைத்துக்கொண்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். உள்ளே போகும் இரண்டு வயர்கள், வெளியே வரும் இரண்டு வயர்கள். ஒவ்வொரு உள் வயருக்கும் ஒவ்வொரு வெளி வயருக்கும் இடையே, புரோப்பை நேராகவும் மாற்றியும், மொத்தம் எட்டு முறை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டிலும் ஓஎல் (தொடர்பு இல்லை) என்றே காட்ட வேண்டும். எங்காவது 0.5 வோல்ட் பக்கம் ஒரு எண் வந்தால் அது பிரிட்ஜ் டயோடு. அந்த டிரைவரின் வெளி வயரும் லைனும் ஒன்றே என்று அர்த்தம்.

எட்டும் ஓஎல் என்றால் தொடலாமா? தேர்வின் முதல் படி முடிந்தது, அவ்வளவே. மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். லைன் ஸ்பைக் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வரும். எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்ட்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால், உள் வயர் இரண்டையும் ஒன்றாகவும் வெளி வயர் இரண்டையும் ஒன்றாகவும் முறுக்கி நடுவே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டிரைவர் பல பத்து மெகா ஓம் காட்டும். டப்பியைத் திறக்க முடிந்தால் போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் கீழே, லைன் பக்கத் தடங்களுக்கும் வெளிப்பக்கத் தடங்களுக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. வெற்றிடம் ஒரு தெரு மாதிரி நேராக ஓட வேண்டும். இரண்டே மி.மீ. இடைவெளியில் சால்டர் துளி தொங்குகிற போர்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அந்தத் தெருவைத் தாண்டி நிற்க உரிமையுள்ளவை மூன்றுதான்: டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னல் கடத்தும் பாகம்), ஒய்1 என்ற பாதுகாப்பு வகை அச்சிட்ட நீலக் கண்டென்சர். அந்த இடத்தில் வெறும் 102, 1 கிலோ வோல்ட் என்று எழுதிய சாதாரண டிஸ்க் கண்டென்சர் நின்றால் அந்த டிரைவரைக் கழித்துவிடுங்கள். ஒரு கண்டென்சர் ஷார்ட் ஆவதற்கும் கைக்கு 230 வோல்ட் வருவதற்கும் நடுவே அங்கே வேறு எதுவும் இல்லை.

இந்தியாவில் எல்இடி டிரைவருக்கு ஐஎஸ் 15885, பல்புக்கு ஐஎஸ் 16102 என்ற தரங்கள் உண்டு, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். மொபைல் சார்ஜருக்கு வாங்கிய எண்ணை டிரைவர் டப்பியில் அச்சிட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபால்ஸ் சீலிங் விளக்கின் டிரைவரை மாற்றும்போது ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியது வாட் அல்ல. வெளிக் கரண்ட்டும் வோல்ட்டேஜ் வரம்பும்தான். பழையதில் 300 மில்லி ஆம்பியர், 24 முதல் 42 வோல்ட் என்று இருந்தால் புதியதிலும் அதே 300, அந்த விளக்கின் வோல்ட்டேஜை உள்ளடக்கிய வரம்பு. மாட்டும் வரிசையும் முக்கியம்: முதலில் எல்இடியை டிரைவரோடு சேர்த்துவிட்டு, பிறகு ஸ்விட்ச் போடுங்கள். டிரைவருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு எல்இடி பின்னைச் செருகினால், சுமை இல்லாமல் மேலே ஏறி நிற்கும் வோல்ட்டேஜ் ஒரு சிறு தீப்பொறியோடு பாய்ந்து எல்இடியைச் சேதப்படுத்தும்.

ஸ்ட்ரிப்பும் ஓட்டைப் பெட்டியும்

ஷோகேஸ், சமையலறை மேடை, பூஜை அலமாரி, டிவிக்குப் பின்சுவர் எல்லாவற்றுக்கும் என் பரிந்துரை 12 அல்லது 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்தான். 5050 (5 மி.மீ. சதுர எல்இடி) வகையில் மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 12 வோல்ட் ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். ஐந்து மீட்டர் சுருள் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ்ஸை (230 வோல்ட் ஏசியை ஸ்ட்ரிப்புக்கான டிசியாக மாற்றும் பெட்டி) அதன் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, ஆகவே 100 வாட் பெட்டி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் மே மாதத்து மதியம் 50 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் அதற்கும் கீழேதான் ஓட்ட வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரின் ஆயுள் பத்து டிகிரிக்கு ஒருமுறை பாதியாகும்.

6 ஆம்பியரை அலட்சியமாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம், 12 வோல்ட்தானே என்று. பெட்டிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஐந்து மீட்டர் தூரம், நடுவில் அரை சதுர மி.மீ. வயர் என்றால் போக வரப் பத்து மீட்டர் கம்பியில் 6 ஆம்பியருக்கு 2.3 வோல்ட் விழும் கணக்கு.  வெளிச்சம் நன்றாகவே குறையும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.8 வோல்ட். 24 வோல்ட் ஸ்ட்ரிப் எடுத்தால் அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி, சதவீதக் கணக்கில் இழப்பு கால்வாசி. ஸ்ட்ரிப்பின் செம்புத் தகடே மெல்லியது. அதனால் ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே தொடராக நீட்டாமல், ஒவ்வொரு ஐந்து மீட்டருக்கும் பெட்டியிலிருந்து தனி வயர், முடிந்தால் இரு முனையிலும் சப்ளை. ஒவ்வொரு வயரிலும் கார் கடையில் கிடைக்கும் 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று. ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் தானே அணைந்துவிடும் என்பது முழு ஷார்ட்டுக்கு மட்டும் சரி. நசுங்கிய வயரில் அரைகுறையாக ஓடும் கரண்ட் அதற்குச் சாதாரணச் சுமையாகத்தான் தெரியும், பிளைவுட்டோ கருகத் தொடங்கும்.

ஓட்டை ஓட்டையான அந்த உலோகப் பெட்டி வகை எஸ்எம்பிஎஸ்ஸில் மூன்று விஷயங்களைக் கண்ணால் பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஒன்று, பக்கவாட்டுத் துளைக்குள் 115, 230 என்று ஒரு சிறு சிவப்பு ஸ்விட்ச் பல மாடல்களில் இருக்கும். 115இல் விட்டபடி நம் லைனில் மாட்டினால் உள் கண்டென்சர்கள் இரட்டை வோல்ட்டேஜில் வெடிக்கும். இரண்டு, எல், என் (லைன், நியூட்ரல்) திருகுகளுக்கு மேல் மூடி. அது இல்லாத பெட்டியை இன்னொரு மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். மூன்று, எர்த். அந்தப் பெட்டிக்குள் லைனிலிருந்து உடலுக்கு இரண்டு சிறு கண்டென்சர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடலில் 115 வோல்ட் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் விறுவிறுவென்று உறுத்துகிறது, ஸ்ட்ரிப்பிலும் லேசாக ஷாக் அடிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி எர்த் வயரை இணைத்தவுடன் தீர்ந்துவிடும். தீராவிட்டால் வீட்டு எர்த்தையே சோதிக்க வேண்டும். நம் வீடுகளில் நான்காவதாகப் பல்லியையும் சேர்க்கலாம். சூட்டுக்காக ஓட்டைக்குள் நுழைந்து, லைன் பக்கம் குறுக்கே விழுந்து, தானும் செத்துப் பெட்டியையும் கொல்லும். பெட்டியைச் சுற்றி காற்று போகும்படி மெல்லிய வலை அடித்தால் போதும்.

வெளிச் சுவருக்கும் தோட்டத்துக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளேயே இருக்கட்டும், 12 வோல்ட் மட்டும் வெளியே போகட்டும். வெளியேதான் வைத்தாக வேண்டும் என்றால் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத) டிரைவர், வயர் கீழே வளைந்து பிறகு மேலேறி நுழையும்படி. மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

பல்பைத் திறப்பவர்களுக்கு

கெட்டுப்போன எல்இடி பல்பில் கறுப்புப் புள்ளி விழுந்த எல்இடியைத் தேடி, அதைச் சால்டரால் மூடிப் பாலம் போட்டால் பல்பு எரியும். இப்போதைய பல்புகள் பலவற்றில் டிரைவரும் எல்இடியும் ஒரே அலுமினியத் தட்டில்தான் இருக்கின்றன. தடங்களில் ஓடுவது 300 வோல்ட். அலுமினியத்துக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வெள்ளை மூடிதான் நம்மைக் காக்கும் சுவர். ஆகவே மூடி இல்லாமல் அந்தப் பல்பை எரியவிடக் கூடாது, உடைந்த மூடியோடு ஹோல்டரில் விட்டுவைக்கவும் கூடாது. திறந்தவுடன் எலக்ட்ரோலைட்டிக்கின் இரு காலுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை ஓரிரு நொடி பிடித்து வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பாலம் போடுவதன் விளைவு எந்த வகை டிரைவர் என்பதைப் பொறுத்தது. கண்டென்சர் வகையில் கரண்ட் அதிகம் மாறாது. லீனியர் ஐசி (மிச்ச வோல்ட்டேஜைச் சூடாக்கித் தீர்க்கும் சிப்) வகையில்தான் பிரச்சினை: 18 வோல்ட் எல்இடி 13 தொடராக உள்ள 9 வாட் பல்பில் ஒன்றைப் பாலம் போட்டால், அந்த 18 வோல்ட்டை ஐசி சுமக்கும். 35 மில்லி ஆம்பியரில் அது 0.6 வாட் கூடுதல் சூடு. இரண்டைப் பாலம் போட்டால் 1.2 வாட். மிளகு அளவு ஐசிக்கு அது பெரிய சுமை. எனவே அதே வோல்ட்டேஜ் உள்ள எல்இடியை வேறொரு பல்பிலிருந்து எடுத்து மாற்றுவதுதான் நல்ல வேலை. மாற்றும்போதே இன்னொன்றும் செய்யலாம். ஐசி பக்கத்தில் கரண்ட்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர்கள் இரண்டு இணையாக இருந்தால் மதிப்பு பெரிய ஒன்றை எடுத்துவிடுங்கள். கரண்ட் குறையும், வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும். முதல் எல்இடியைக் கொன்றதே சூடுதான், அதை அப்படியே விட்டால் அடுத்தது தயாராக நிற்கிறது.

அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும் எல்இடிக்கு ஆவி பிசாசு காரணமில்லை. ஸ்விட்சில் இருக்கும் இண்டிகேட்டர் வழியாகவோ, பக்கத்தில் ஓடும் ஃபேஸ் வயரிலிருந்தோ கசியும் மைக்ரோ ஆம்பியரே அதற்குப் போதும். 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2வும் 100 ஓமும் தொடராக விளக்குக்குக் குறுக்கே வைத்தால் நிற்கும். அதற்கு முன் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மினுங்கல் சின்ன விஷயம். அணைத்த ஹோல்டரில் முழு ஃபேஸ் நிற்கிறது, பல்பு மாற்றுகிறவர் அதை அறியமாட்டார்.

புதிதாகச் செய்த எதையும், பழுது பார்த்த எதையும் முதல் முறை நேராக லைனில் போட வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்த சீரிஸ் போர்டு வழியாகப் போடுங்கள். எல்லாம் சரி என்றால் குண்டு பல்பு எரியாது, எல்இடி எரியும். எங்காவது ஷார்ட் என்றால் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறு எதுவும் வெடிக்காது. வீட்டு 6 ஆம்பியர் எம்சிபியை நம்பி இருக்க முடியாது. அது 8.7 ஆம்பியரில் அறுக்கவே ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். சீரியல் செட்டின் நூல் வயர் அதற்குள் உருகிவிடும். செட்டுக்கென்று தனியாக அரை ஆம்பியர் ஃபியூஸ் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

த்ரீ ஃபேஸ் வீடுகளில் நியூட்ரல் கட் ஆனால் சில விளக்குகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய சப்ளை வரும். நாம் கணக்குப் போட்ட 17 மில்லி ஆம்பியர் 33க்கு ஏறும், டிரைவர்களின் உள் கண்டென்சர்கள் வெடிக்கும். ஃபியூஸுக்குப் பிறகு லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 14டி431 எம்ஓவி (வோல்ட்டேஜ் மிகுந்தால் மட்டும் கரண்ட்டைக் கடத்தும் பாகம்) ஒன்று வைத்தால், அது கரண்ட்டைத் தன் வழியே இழுத்து ஃபியூஸை அறுத்துவிடும். ஃபியூஸுக்கு முன்னால் வைத்தால் எம்ஓவியே தீப்பிடிக்கும். சில அறைகளில் விளக்கு அளவுக்கு மீறிப் பளிச்சென்றும் வேறு அறைகளில் மங்கலாகவும் எரிவது நியூட்ரல் போன அடையாளம். ஸ்விட்ச் ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு போகாமல் மெயினை ஒரே அடியாக இறக்குங்கள், பிறகு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.